போன பிறவியும் டீசல் பம்பும்

நின்றுபோன டிராக்டரைப் பார்த்து, இது போன பிறவியில் என்ன பாவம் செய்ததோ என்று எந்த மெக்கானிக்கும் சொல்வதில்லை. சொன்னால் அவரிடம் ஒருத்தரும் வண்டியைக் கொண்டுபோக மாட்டார்கள். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் இந்தப் பதில் இன்றுவரை செல்லுபடியாகிறது. நீ ஏன் சேரியில் இருக்கிறாய்? கர்மம். உனக்கு ஏன் நிலமில்லை? அதுவும் கர்மம். கேள்வி கேட்டவன் வாயை அடைத்து அனுப்பிவிடுகிற பதில். அப்படியானால் காரணத்தைத் தேடுவது வெறும் தொழில்நுட்பம்தானா, அதுவே ஓர் அறம் இல்லையா?

எங்கள் வாசுதேவநல்லூர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். சங்கரன்கோவில் வட்டாரம், 2019இலிருந்து தென்காசி மாவட்டம். நெல், கரும்பு, புளியங்குடிப் பக்கம் போனால் எலுமிச்சை. சட்டமன்றத்துக்குத் தனித்தொகுதி. நஞ்சைக்கு அப்படி ஒதுக்கீடு ஏதும் கிடையாது. இந்த ஊரில் என் சின்னய்யா ஒரு பழைய மேஸி 1035 வைத்திருக்கிறார். இரண்டு கை மாறி வந்த வண்டி. மூன்று சிலிண்டர், சிம்சன் எஞ்சின். உழவுக்கும் டிரெய்லருக்கும் வாடகைக்குப் போகும். கெட்டுப்போனால் வேப்பமரத்தடிதான் பட்டறை.

“செல்ப் அடிக்குது, ஸ்டார்ட் ஆவல. புகை வருதான்னு பாருல” என்பார். அதுதான் முதல் கேள்வி. புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. ஓடுகிற வண்டி கறுப்பாகக் கக்கினால் பெரும்பாலும் காற்று போதவில்லை. ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றினால் எண்ணெய் சேறாகக் கிடக்கும். நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவது. ரிங் தேய்ந்திருக்கும், அது மரத்தடியில் தீருகிற வியாதி இல்லை.

டீசல் வரவில்லை என்றால் டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். டேங்கில் டீசல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள், பல நாள் கோளாறு அங்கேயே முடிந்துவிடும். அடுத்து பில்டர். பில்டரைக் கழற்றி மாட்டினால் லைனில் காற்று புகுந்துவிடும். காற்று அமுங்கும், டீசல் அப்படி அமுங்காது. ஆகவே குழாயில் காற்று இருந்தால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் நாசில் திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறாது. பில்டர் தலையில் உள்ள ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு பீடு பம்பைக் கையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரை வரும், பிறகு நுரையும் டீசலுமாக வரும், கடைசியில் குமிழ் இல்லாத டீசல் வரும். அப்போது ஸ்குரூவை இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும்: பெரிய பம்ப், அதற்கப்புறம் நாசில் குழாய் நட்டுகள். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு. ஓடுகிற எஞ்சினில் நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசலுக்கு நேரே கையை நீட்டக்கூடாது. தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். சின்னய்யா இதைச் சொல்லாமல் எந்தப் பையன் கையிலும் ஸ்பேனர் கொடுப்பதில்லை.

எம்.ஏ. தமிழில் மணிமேகலையின் முப்பதாவது காதையை எனக்குப் பாடம் நடத்தினார்கள். அறவண அடிகள் சொல்லும் பன்னிரண்டு சார்புகள்: ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது, முன்னது அற்றால் பின்னதும் அறும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். அதன் பொருள் எனக்குப் பிடிபட்டது மரத்தடியில், டீசல் நாற்றத்துக்கு நடுவில். மணிமேகலையே பழம்பிறப்புக் கதைகள் நிறைந்த நூல்தான், அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அம்பேத்கர் தன் கடைசி நூலான ‘புத்தரும் அவர் தம்மமும்’ (1957) என்பதில் போன பிறவிக் கர்மக் கணக்கை ஏற்கவில்லை. ஏழையின் துன்பத்தை அவன் தலையிலேயே கட்டுகிற கணக்கு அது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. துன்பத்துக்குக் காரணம் இந்த உலகத்திலேயே இருக்கிறது, தேடினால் அகப்படும் என்று நம்புகிறவன்தான் ஸ்பேனரை எடுப்பான்.

சரி, பட்டறைக்கு ஏன் போவதில்லை? போயிருக்கிறோம். ஒரு பட்டறையில் வண்டியை நாலு நாள் போட்டுவைத்துவிட்டு, “ஒங்களுக்கெல்லாம் எதுக்குடே டிராக்டரு?” என்று கேட்டார்கள். சின்னய்யா பதில் பேசவில்லை. கூலிக்கு வேறொருவர் வண்டியை அவர் ஓட்டிய காலத்தில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. தலித் கை ஸ்டியரிங்கில் இருக்கலாம், கிரீசில் இருக்கலாம், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏறினால்தான் உறுத்துகிறது.

அந்த உறுத்தல் எதுவரை போகும் என்பதைத் தென்மாவட்டம் பார்த்திருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்தில் புகுந்த காவல்துறை டி.வி., மின்விசிறி, தையல் மெஷின், டிராக்டர் என்று தேடித்தேடி நொறுக்கியது. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்த பணமும் சேர்ந்து கொஞ்சம் நிமிர்ந்த ஊர் அது. கலவரத்தை அடக்க வந்தவர்களுக்குத் தையல் மெஷினிடம் என்ன வேலை? டிராக்டர் என்ன குற்றம் செய்தது? சொந்த டிராக்டர் இருப்பவன் உழவுக்கு இன்னொருவன் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. உடைத்தவர்களுக்கு இது நன்றாகவே புரிந்திருக்கிறது. தேய்ந்த ரிங்கை மாற்றலாம். இப்படி உடைக்கப்பட்டதற்கும் டேங்கிலிருந்து பின்தொடர்வது போல ஒவ்வொன்றாய்ப் பின்தொடர்ந்து போகத்தான் வேண்டும், எங்கே போய் முடிகிறது என்பது நமக்குத் தெரிந்தாலும்.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். போன மாதம் வண்டி ஓடுகிறது, இழுவை இல்லை. அடுப்படியிலிருந்து சின்னம்மா, “மூணு தட்டுல ஒரு தட்டு கொறையுதுல்லா” என்றார். சின்னய்யா ஒவ்வொரு நாசில் குழாய் நட்டாகத் தளர்த்திப் பார்த்தார். முதல் இரண்டைத் தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்யாத சிலிண்டர் அதுதான். பதினைந்து வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்ட காது சின்னம்மாவுடையது. ஆனால் தெருவில் மெக்கானிக் என்று பேர் சின்னய்யாவுக்குத்தான். ஸ்பேனர் பிடிக்கக் கூப்பிடுவதும் பையன்களைத்தான்.

நாசில் மாட்டி வண்டி சீரானதும் சின்னம்மா இன்னொன்று கேட்டார். “வண்டி சரியாயிட்டு. அறுப்புக்கு மிசினு வந்து எங்க கூலி போச்சே, அது எப்ப சரியாவும்?”

“வார வாரம் ஒங்க குத்தகை வயலுக்கு டீசல் காசுக்கே உழுதுதாரேன்” என்றார் சின்னய்யா.

“நான் அதக் கேக்கல” என்று சொல்லிவிட்டு, பில்டர் துணியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.