சந்திர சூரியர் உள்ளவரை

ஒரே முறை விலை கொடுத்தால் பொருள் என்றைக்கும் வாங்கியவருடையது என்ற எண்ணம் கணிப்பொறி மென்பொருள் துறையில் ஏறத்தாழக் கடந்த 15 ஆண்டுகளில் வலுவிழந்துவிட்டது. மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும்வரை மட்டுமே பயன்படுத்தலாம் என்னும் சந்தா முறை அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. இந்த மாற்றம் பெரும்பாலும் லாபநட்டக் கணக்காகவே பேசப்படுகிறது. ஆனால் ‘என்றைக்கும்’ என்ற வாக்கை ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க முடியுமா, முடியுமானால் அந்த வாக்கின் சுமையை யார் தாங்குவது என்னும் கேள்வி சமயத்துக்கும் மெய்யியலுக்கும் பழையது; கோயிலும் தறியும் ஒட்டி வாழும் காஞ்சிபுரத்தில் அதற்கான விடைகள் கல்லிலும் செப்பேட்டிலும், தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நூல்களிலும் பதிவாகிக் கிடக்கின்றன.

சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் கொடைகளுள் ஒன்று நந்தாவிளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. விளக்குக்கு நெய் வேண்டும், நெய்க்கு ஆடு வேண்டும் என்பதால் கொடையாளர் பல இடங்களில் 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு, அதாவது நாழியில் கால் பங்கு, நெய் அளக்கக் கடமைப்படுவார். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகும், கிழடாகும் என்பது ஊரறிந்த செய்தி. செத்த ஆட்டின் இடத்தில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்தப் பெயருக்குள் இருக்கும் ஒப்பந்தம். கொடை பொன்னாக வந்தால் அந்த முதல்தொகையில் யாரும் கைவைப்பதில்லை; அதன் வட்டியாகிய பலிசையிலிருந்தே செலவு நடக்கும். காஞ்சியின் ஊரகத்துப் பெருமாள் கோயில், இன்றைய வழக்கில் உலகளந்த பெருமாள் கோயில், பற்றிய உத்தம சோழனின் செப்பேடு 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கோயில் பொன்னை வட்டிக்கு ஏற்ற நகரப் பகுதிகளை அது குறிப்பதோடு, கோயில் காரியத்தை மேற்பார்க்கும் பொறுப்பு அந்நகரின் நெசவாளரிடம் ஒப்படைக்கப்பட்டதையும் சொல்கிறது. தறிக்காரர் கோயில் கணக்குக்கும் காவலராக இருந்த காலம் அது.

சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று எழுதப்பட்ட இக்கொடைகளில் கவனிக்க வேண்டியது, கொடுப்பவர் ஒரே முறை கொடுக்கிறார், பெறுபவரோ ஒவ்வொரு நாளும் செய்கிறார் என்பதாகும். என்றைக்கும் எரியும் விளக்குக்கு என்றைக்கும் நெய் அளக்கவேண்டும் என்ற உண்மையைக் கல்வெட்டு எழுதியவர்கள் மறைக்கவில்லை. அந்த அன்றாடச் சுமை யார் தலையில் ஏறுகிறது, அதற்குரிய வருவாய் எங்கிருந்து வருகிறது என்பதை மந்தையின் எண்ணிக்கை வரை எழுதிவைத்தார்கள். இந்தத் தருமத்தைக் காப்பவரின் திருவடி தன் தலைமேல் என்று, இன்னும் பிறக்காத மனிதரைக் கொடையாளர் முன்கூட்டியே வணங்குவதும் சுமை அவர்களிடம் போகிறது என்பதை அறிந்துதான்.

மென்பொருளை ‘வாங்கிய’ காலத்தில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. பெட்டியில் வந்தது ஒரு வட்டும் ஓர் உரிமப் பத்திரமுந்தான். நிரலின் உடைமை நிறுவனத்திடமே இருந்தது, காலவரம்பின்றிப் பயன்படுத்தும் அனுமதி, அதாவது நிரந்தர உரிமம், மட்டுமே வாங்கியவருக்குக் கிடைத்தது. அந்த நிரந்தரத்துக்கு நெய் அளப்பவர் யார் என்ற கேள்வியை இரு தரப்பும் கேட்கவில்லை. இயங்குதளம் மாறும், பாதுகாப்பு ஓட்டைகள் தெரியவரும், சட்டம் மாறும். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, காஞ்சிபுரம் காந்தி சாலைப் பட்டுக்கடை முதல் சிற்றூர் மளிகைக்கடை வரை, பழைய வரிக்கு எழுதப்பட்ட கணக்கு நிரல் ஒரே இரவில் உதவாததாயிற்று. இந்தியக் கடைகளில் பரவலாக உள்ள டேலி நிரலில் நிரந்தர உரிமத்தோடு, புதுப்பிப்புகளுக்கென ஆண்டுக் கட்டணமும் தனியே வாங்கப்படுவது இந்த நெருக்கடியை ஒப்புக்கொண்ட ஏற்பாடு. மைக்ரோசாஃப்ட் 2011இல் ஆஃபீஸ் 365ஐச் சந்தாவாக விற்கத் தொடங்கியது. அடோபி இன்னும் ஒரு படி மேலே சென்று, கிரியேட்டிவ் சூட் 6க்குப் பின் வரும் பதிப்புகள் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என்று 2013 மே மாதம் அறிவித்தது. பராமரிப்புக்குத் தொடர்செலவு உண்டு என்பதை வெளிப்படையாகச் சொல்லும் வகையில் சந்தா முறை பழைய முறையைவிட நேர்மையானது என்பதை, அதைக் குறைகூறுவோரும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது, அதைக் காணத் தறியண்டை போக வேண்டும். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு உருவாக்கிய பொறி, காஞ்சித் தறிகளின் தலைமேல் இன்றும் அமர்ந்திருக்கிறது. கரையிலோ முந்தானையிலோ வரவேண்டிய அன்னமும் மயிலும் முதலில் கட்டத்தாளில் வரையப்படும். பிறகு ஊடையின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை என்ற கணக்கில் துளையிடப்படும். துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் நூல் கிடந்தபடி கிடக்கும். இந்த அட்டைகளை நூலால் கோத்துச் சங்கிலியாக்கித் தொங்கவிட்டால், நெசவாளர் மிதியை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் ஓர் அட்டை நகரும். 1830களில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கீட்டுப் பொறிக்கு இதே அட்டை முறையைக் கொள்ள நினைத்தார் என்பதால், மென்பொருளின் முன்னோர் வரிசையில் காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துத் தறிக்கும் பங்கு உண்டு. அட்டைக் கட்டைப் பரணில் போட்டுவைத்து ஆண்டுகள் கழித்து எடுத்தாலும், அதே கொக்கி எண்ணிக்கையுள்ள ஜக்கார்டுப் பெட்டியில் மாட்டினால் பழைய மயில் அப்படியே நெய்து வரும்; யாருக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை. கணினியில் வரைந்த வடிவத்தின் நிலை வேறு. கோப்பு வரைந்தவரின் கணினியிலேயே கிடந்தாலும், அந்தக் கோப்பைத் திறக்கும் நிரலின் சந்தா முடிந்துவிட்டால், தம் கையால் வரைந்த மயிலைத் திருத்துவதற்கு வரைந்தவரே வாடகை கட்ட வேண்டியவராகிறார். தறி முதலாளியுடையதாக இருக்க, கூலிக்கு நெய்பவரின் நிலைகூட இதைவிட மேலானது: தறியை விட்டு எழுந்தால் கைத்திறன் அவரோடு எழுந்து வரும்.

உடைமையே பிணி என்னும் மரபும் இந்நகருக்கு உண்டு. காஞ்சியின் ஒரு பகுதி சமண காஞ்சி. திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயில் அதன் எஞ்சிய அடையாளம். சமணத்தின் ஐந்து விரதங்களுள் ஒன்றான அபரிக்கிரகம் பொருளைப் பற்றிக்கொள்ளாமையைக் குறிப்பது. எதையும் சொந்தமாக்கிக்கொள்ளாமல் தேவைக்கு மட்டும் பயன்படுத்திவிட்டுப் போகும் சந்தா வாழ்க்கை அந்த விரதத்துக்கு நெருங்கியது என்று வாதிட இடமுண்டு. அப்படி வாதிடுவோரும் இருக்கிறார்கள். ஆனால் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், பற்றிக்கொள்ளுதலாகிய பரிக்கிரகத்துக்குத் தரும் வரையறை இந்த வாதத்தை நிற்கவிடாது. அந்நூலின்படி பரிக்கிரகம் என்பது பொருளின்மேல் உள்ளம் கொள்ளும் மயக்கம். பொருள் கையில் இருப்பதும் இல்லாததும் அதற்கு அளவுகோல் ஆகாது. தவணை தவறினால் வேலை நின்றுவிடுமே என்று மாதக்கடைசியில் பதறுபவர் எதையும் உடைமையாகக் கொண்டிராமலே பற்றுடையவராக இருக்க முடியும். துறந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைக் கவனியாமல் சந்தாவுக்குச் சமயச் சாயம் பூசுவது விற்பனை உத்தியாகவே முடியும்.

ஒருமுறை, தினந்தோறும் என்ற இரு முறைகளையும் மிக நுட்பமாகப் பிரித்தவர் காஞ்சியின் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர். அவருடைய ரகசியத்ரயசாரம் வீடுபேற்றுக்கு இரு வழிகளைக் கூறுகிறது. பக்தியோகம் உயிர் பிரியும்வரை நாள்தோறும் இடைவிடாது செய்ய வேண்டியது. சரணாகதி எனப்படும் பிரபத்தியோ தன்னைக் காக்கும் சுமையை இறைவனிடம் ஒப்படைத்தல். பரந்யாசம் என்ற அதன் மறுபெயரும் சுமையை வைத்துவிடுதலையே குறிக்கும். அது ஒரே முறை செய்வது. இரண்டாம் முறை செய்தால் முதல் முறையில் நம்பிக்கை இல்லை என்றாகிவிடும். இலங்கையில் பிரம்மாஸ்திரத்தால் கட்டுண்ட அனுமனை அரக்கர் கயிறுகளாலும் கட்டியதும் அஸ்திரம் தானே விலகிக்கொண்டதை வைணவ ஆசிரியர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுவர். அப்படியானால் சரணடைந்தவர் அதன்பின் அன்றாடம் செய்யும் பூசையும் தொண்டும் எதற்கு? அவை விலை அல்ல, தவணையும் அல்ல. சுமை இறங்கியபின் உடையவனுக்கு உடைமை மகிழ்ந்து செய்யும் கைங்கரியம், அதாவது தொண்டு. தொடர்ந்து செய்வது என்பதற்குக் கட்டணம் என்ற ஒரே பொருள்தான் உண்டு என்று கருதிப் பழகிவிட்ட காலத்துக்கு இந்தப் பாகுபாடு புதிதாகத் தோன்றக்கூடும்.

ஆனால் இந்த ஒப்புமையை அளவுக்குமேல் நீட்டக் கூடாது. ஒப்படைப்பு செல்லுபடியாவதற்குப் பெறுபவரிடம் காக்கும் ஆற்றலும் காக்கும் மனமும் குறைவின்றி இருக்கவேண்டும் என்பது தேசிகரின் அடிப்படை. நிறுவனங்கள் விற்கப்படுகின்றன, மூடப்படுகின்றன, விதிகளை மாற்றுகின்றன. ஊராரும் இடையரும் ஏற்ற சாவா மூவா ஆடுகள்கூட எங்கோ ஒரு தலைமுறையில் எண்ணிக்கை குறைந்து மறைந்துபோயின. எனினும் கொடையின் நிபந்தனைகள், எவர் அனுமதியும் இன்றி எவரும் படிக்கும்படி கோயிற் சுவரில் வெட்டப்பட்டிருந்ததால், கடமை தவறியவரைக் கேள்வி கேட்க ஊருக்கு ஓர் ஆதாரமாவது இருந்தது. மென்பொருளில் இதற்கு நிகரானது திறந்த கோப்பு வடிவம், அதாவது எந்த நிறுவனத்தின் நிரலாலும் திறக்கத்தக்க வகையில் அமைப்பு வெளியிடப்பட்ட வடிவம். இந்திய அரசு 2010இல் வெளியிட்ட திறந்த தரநிலைக் கொள்கை மின்னாளுகைக்கு இதை வற்புறுத்துகிறது. பட்டுச்சேலைக் கரையை வரையும் தனியார் வடிவமைப்புக் கூடங்களை அந்தக் கொள்கை கட்டுப்படுத்தாது. அங்கே கோப்பு எந்த வடிவத்தில் சேமிக்கப்படுகிறது என்பதை முடிவுசெய்வது இப்போதைக்குச் சந்தா வசூலிக்கும் நிறுவனமே.