வலியின் சாட்சி

"முதுகு குடைகிறது" என்று கேகாலையில் இறப்பர்ப் பால் வெட்டுபவரோ, இரத்தினபுரியில் கொழுந்து பறிக்கும் பெண்ணோ கூறினால், நம்மில் எத்தனை பேர் அப்படியே நம்புகிறோம்? 'சோம்பல்' என்னும் சொல் நம் நாவின் நுனியில் நிற்கிறதே! வலியால் கை தளர்ந்து, நிர்ணயித்த நிறை சேராவிட்டால் அன்றைய உழைப்பு 'அரைப்பேர்' ஆகிவிடும். ஐயத்தின் விலையையும் தொழிலாளியே செலுத்துகிறார்.

காய்ச்சலுக்கு மானி உண்டு, வலிக்கு இல்லை. துன்புறுவோரின் வாய்ச்சொல்லே தலையாய சான்று. 1973இல் தோன்றிய சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், வலியென ஒருவர் கூறுவதை மதித்தல் வேண்டும் என்று 2020இல் திருத்திய தன் வரையறையின் குறிப்பில் எழுதியது. எடுத்துரைக்க இயலாமை வலியின்மைக்குச் சான்றாகாது என்றும் சேர்த்துக்கொண்டது.

மதிப்பதற்கு முன் அச்சொல் விளங்க வேண்டாமா? குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல் ஆகியவை ஒன்றல்ல. எரிச்சல் நரம்பின் கேட்டைச் சுட்டக்கூடும். உளைச்சல் தசையின் களைப்பைச் சொல்லக்கூடும். 1987இல் தமிழும் இலங்கையின் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் நோயாளியின் மொழியறியாத மருத்துவர்முன் இவை யாவும் வெறும் 'நோவு' ஆகிவிடுகின்றன, மருந்தும் ஒன்றாகிவிடுகிறது.

வலி தணிக்கும் ஆய்வுக்கு உலகம் செல்வம் ஒதுக்கட்டும், நாம் வரவேற்போம். ஆனால் லயத்து மூதாட்டியின் 'குடைச்சல்' மருத்துவ மாணவரின் பாடத்தில் இடம்பெறும் நாளில்தான் அது உலகத்தார் அனைவருக்குமான ஆய்வாகும்.