தீர்த்தத்திற்கு மாசு உண்டோ?

நவதிருப்பதி சேவைக்கு வரும் அடியார்கள் முதலில் நாடுவது தாமிரபரணியின் படித்துறையை. நீராடி, திருமண் காப்புத் தரித்து, அதன் பின்னரே திருக்கோயிலுக்குள் புகுவது பெரியோர் வகுத்த முறை. அந்தப் படித்துறையில் சிலர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. நதியோ பாவங்களையெல்லாம் போக்க வல்லது. அத்தகைய நதியை மனிதனுடைய அற்ப அழுக்கு என்ன செய்துவிட முடியும்? தீர்த்தத்திற்கு மாசு உண்டு என்று எண்ணுவதே அதன் பெருமைக்குக் குறைவன்றோ?

இது பக்தியில் பிறந்த கேள்வி. ஆகவே பக்தியின் வழியிலேயே இதற்கு விடை காண்பது பொருந்தும். அதற்கு முன், நதியின் இயல்பைச் சிறிது நோக்குதல் நலம்.

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நீளத்தில் சிறியதாயினும் வற்றாத ஆறு எனப் பெயர் பெற்றது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் அது பெறுவது ஒரு காரணம். அம்மழையை ஏந்திக்கொள்ளும் அடர்ந்த காடு மற்றொரு காரணம். மட்கிய இலைகளும் வேர்களும் செறிந்த காட்டு மண் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத நாட்களிலும் சிறிது சிறிதாகக் கசிய விடுகிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக 1988ஆம் ஆண்டில் அமைந்த மலைக்காடுகளே இந்நதிக்குத் தாய்வீடு.

மலையினின்று இறங்கிய நீரை, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் வாய்க்கால்களுக்கும் குளங்களுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. நவதிருப்பதிகள் அமைந்திருப்பது, எட்டாவது அணையை ஒட்டிய இக்கடைசிப் பகுதியிலேயாம். பாபநாசத்திலும் அம்பாசமுத்திரத்திலும் திருநெல்வேலியிலும் நீராடியவர், துவைத்தவர், கழிவுநீரை விட்டவர் ஆகிய அனைவருடைய மிச்சமும் இவ்வழியே வருகிறது. நம்மாழ்வார் திருவவதாரம் செய்த திருக்குருகூர், நதியின் தலைப்பில் இல்லாமல் கடைமடையில் இருக்கிறது என்பது சிந்திக்கத் தக்கது.

ஓடும் நீர் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்பது உண்மையே. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் மட்கக் கூடிய அழுக்கை உண்டு அழிக்கின்றன. அதற்கு வேண்டிய பிராணவாயுவைப் பாறைகளில் மோதிப் புரளும் ஓட்டம் காற்றிலிருந்து சேர்க்கிறது. மணற்படுகை நீரை வடிகட்டுகிறது. ஆனால் இவ்வாற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அழுக்கு மிகுந்தால் பிராணவாயு குறையும், மீன்கள் மடியும். கழிவுநீரும் சவர்க்காரமும் சேர்க்கும் உப்புகளால் ஆகாயத்தாமரை தழைத்து நீரை மூடும். பிளாஸ்டிக் பைகளையும் செயற்கை நூல் ஆடைகளையுமோ எந்த நுண்ணுயிரும் எளிதில் உண்பதில்லை. பரிகாரம் என்று பாபநாசத்தில் ஆற்றில் விடப்படும் துணிகளை அள்ளி எடுப்பதே பெரும் பணியாகி விட்டது. பாவம் போக வேண்டும் என்று விட்ட துணி, போகாமல் நதியிலேயே தங்கிவிடுகிறது.

இனி, ஐயத்திற்கு விடை காண்போம். எம்பெருமான் சர்வலோக நாயகன், எதையும் வேண்டாதவன். ஆயினும் அர்ச்சாவதாரத்தில் அவன் தன்னை அடியார் கையில் ஒப்படைத்து நிற்கிறான். அர்ச்சகர் நீராட்டும்போது நீராடுகிறான். அமுது செய்விக்கும்போது அமுது செய்கிறான். விளக்கேற்றுவார் இல்லையேல் கருவறை இருண்டே கிடக்கும். “அவனோ சோதி வடிவானவன், அவனுக்கு விளக்கு எதற்கு?” என்று எந்த அடியாரேனும் சொல்வதுண்டோ? அவனுடைய எளிமையைக் கண்டு உருகிக் கைங்கரியம் செய்வதன்றோ அடியார் இயல்பு!

நதியின் நிலையும் அத்தகையதே. தெய்வ வடிவில் அதற்கு மாசு இல்லை. ஆனால் கண்ணுக்குப் புலப்படும் நீர் வடிவில், அது மனிதரை நம்பி அவர்கள் நடுவே இறங்கி வந்திருக்கிறது. அதன் பெருமையைச் சொல்லி அதனை அழுக்காக்குவது, பெருமாளின் ஒளியைச் சொல்லி விளக்கை அணைப்பது போன்றதாகும்.

இதனினும் கனத்த செய்தி ஒன்று உண்டு. பகவானிடம் இழைக்கும் அபசாரத்தைக் காட்டிலும் பாகவதர்களிடம் இழைக்கும் அபசாரம் கொடிது என்பது ஸ்ரீவைஷ்ணவப் பெரியோர் துணிபு. மேல்துறையில் ஒருவர் விட்ட அழுக்கு, கீழ்த்துறையில் ஆசமனம் செய்யும் அடியாரின் உள்ளங்கையை அடைகிறது. இந்நதியையே குடிநீராகக் கொண்ட திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்து வீடுகளின் குடத்தை அடைகிறது. விட்டவர் முகத்தைக் கொள்பவர் அறியார். கொள்பவர் முகத்தை விட்டவரும் அறியார். அறியாமல் செய்ததாயினும் அபசாரம் அபசாரமே.

2018ஆம் ஆண்டு அக்டோபரில் நடைபெற்ற மகா புஷ்கரத்தின்போது பெருந்திரளான மக்கள் தாமிரபரணியில் நீராடினர். அத்தனை பேரையும் ஏற்றுக்கொண்ட நதி எவரிடமும் எதையும் கேட்கவில்லை. கேளாதவரிடத்தில் காட்டும் கருணையே தருமத்தின் உரைகல். நீராடப் புகும் அடியார், தமக்கு மேல்துறையில் இருப்பவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென விரும்புவாரோ, அவ்வாறே தாமும் கீழ்த்துறையில் இருப்பவருக்கு நடந்துகொள்வாராயின், அந்நீராட்டமே ஒரு கைங்கரியமாகும். சவர்க்காரமும் பழந்துணியும் பிளாஸ்டிக் பையும் கரையிலேயே நிற்கட்டும். ஆற்றில் இறங்குவது அடியாரும் அவர்தம் பக்தியும் மட்டுமாகட்டும்.