திறந்த வாய்

ஊத்தங்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பென்சில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். பள்ளி, கல்லூரி மாணவிகளோடு, ஓசூர்க் கம்பெனிகளில் வேலை செய்து விடுதியில் தங்கியிருந்து லீவுக்கு ஊர் திரும்பும் ஓரிருவரும் வருவார்கள். சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவி, போட்டி ஒன்றுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியை வரைய விரும்பினாள். போனில் இரண்டு படங்கள் வைத்திருந்தாள். ஒன்றில் எம்.எஸ். வாய்மூடிப் புன்னகைக்கிறார். இன்னொன்றில் கண்மூடிப் பாடிக்கொண்டிருக்கிறார். வாய் நன்றாகத் திறந்திருக்கிறது.

“அக்கா, எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. ஆனா வாயைத் திறந்துட்டு இருக்கற மாதிரி வரைஞ்சா அசிங்கமா இருக்காதா?” என்று கேட்டாள்.

முதலாவதை வரை, அதுதான் சுலபம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏன் அப்படி வந்தது என்று பிறகுதான் யோசித்தேன்.

சுலபம் என்பது உண்மைதான். மூடிய உதடு என்றால் ஒரு கோடும் அதன் கீழே ஒரு மெல்லிய நிழலும் போதும். திறந்த வாய்க்குள் இருட்டு இருக்கிறது. அதற்கு 6பி பென்சில் வேண்டும். பற்களைத் தனித்தனியாகக் கோடு போட்டுப் பிரித்தால் முகம் கெட்டுவிடும். ஒரே வெளிச்சமாக விட்டு ஓரங்களை மட்டும் மங்கவைக்க வேண்டும். உச்சத்தில் பாடும்போது காதின் பின்னாலிருந்து காறை எலும்புவரை இறங்கும் தசை புடைக்கும். கழுத்துக் குழி ஆழமாகும், புருவம் நெரியும். இவற்றையெல்லாம் பார்த்து வரைய, பாடுவது உடலால் செய்கிற வேலை என்பது முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பென்சில் ஓவியத்தில் உள்ளதை உள்ளபடி வரைகிறோம் என்கிறோம். கட்டம் போட்டு, அளவெடுத்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்புகிறோம். ஆனால் எந்தப் புகைப்படத்தின் மேல் கட்டம் போடுவது என்பதை அளவுகோல் சொல்வதில்லை. எந்த நொடியைப் பிடிப்பது என்று புகைப்படக்காரர் தீர்மானித்தார். எந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது என்று வீடும் சபாவும் பத்திரிகையும் தீர்மானித்தன. அதற்கெல்லாம் பிறகுதான் நம் பென்சில் வருகிறது.

எம்.எஸ். என்றதும் நம் எல்லோர் மனத்திலும் வருவது ஒரே முகம்தான். மல்லிகை, குங்குமம், இரண்டு வைர மூக்குத்தி, காஞ்சிப் பட்டு, சாந்தம். 1916இல் மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்து, தாயின் பெயராலும் ஊரின் பெயராலும் மட்டுமே அறியப்பட்ட சிறுமி அந்த முகத்தில் இல்லை. 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக ஆண்வேடம் போட்டு நடித்தவரும் இல்லை. தேவதாசி மரபில் வந்த பெண்களின் பாட்டு வேண்டும், அவர்களின் வாழ்வு வேண்டாம் என்று ஒரு சமூகம் முடிவெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அந்த வழக்கம் ஒழிந்தது நல்லதே. ஆனால் அந்தப் பெண்கள் மேடையில் நிற்க வேண்டுமானால் ‘குடும்பப் பெண்’ணின் முகத்தோடு நிற்க வேண்டும் என்ற எழுதாத சட்டமும் கூடவே வந்தது. 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோதும், 1998இல் பாரத ரத்னா பெற்றபோதும், உலகம் பார்த்தது அந்த முகத்தைத்தான்.

பீம்சேன் ஜோஷியின் படங்களைப் பாருங்கள். வாய் கோணியிருக்கும், கை காற்றைப் பிடித்து இழுக்கும், முகம் முழுவதும் சுருங்கியிருக்கும். அதை யாரும் அசிங்கம் என்பதில்லை. இசையில் கரைந்துவிட்டார் என்கிறோம். ஆணின் சிரமம் மேதைமைக்குச் சாட்சி ஆகிறது. பெண்ணின் சிரமமோ மறைக்கப்பட வேண்டியது. மகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் “முகத்தைக் கோணாதே” என்பது சுருதிக்கு அடுத்த பாடம். குரல் அவளிடமிருந்து வர வேண்டும், ஆனால் அவள் உடம்பிலிருந்து வருவதாகத் தெரியக் கூடாது.

இவ்வளவும் யோசித்த பிறகு, திறந்த வாயை வரைவதுதான் நியாயம் என்று முடித்துவிடலாம். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தச் சாந்த முகத்தை எம்.எஸ்.ஸும்தானே ஆயுள் முழுக்கக் காத்தார்? அவர் காத்த முகத்தை நான் ஏன் கலைக்க வேண்டும்? பெண்ணியத்தின் பெயரால் இன்னொருத்தியின் முகத்தை என் விருப்பத்துக்கு வளைத்தால், அதுவும் ஒரு வகை உடைமையாக்கல்தானே?

1937இல் எடுத்த ஒரு ஸ்டுடியோப் படம் உண்டு. எம்.எஸ்.ஸும் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும் கோடுபோட்ட இரவு உடையில், கையில் சிகரெட்டோடு விளையாட்டாக நிற்கிறார்கள். இருவருக்கும் இருபது வயதை ஒட்டி இருக்கும். வீட்டுக்குத் தெரியாமல் எடுத்த படம். அதை முதலில் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், மகிழ்ச்சியில். உடனே வரைய வேண்டும் என்று கை துடித்தது. வரையவும் செய்தேன். ஆனால் யாருக்கும் காட்டவில்லை. அது தவறான படம் என்பதால் அல்ல. இரண்டு தோழிகள் தங்களுக்காக எடுத்துக்கொண்டது அது. உலகத்தின் முன் வைப்பதா என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் படம்தான் எனக்கு ஒரு வேறுபாட்டைக் காட்டியது. ஒரு பெண் தானே பொத்தி வைத்துக்கொண்டது ஒன்று. அவள் எல்லோர் முன்னாலும் செய்தும், நாம் பார்க்க மறுத்தது இன்னொன்று. சிகரெட் படம் முதல் வகை. பாடும் வாய் இரண்டாவது வகை. ஆயிரக்கணக்கானோர் எதிரில், ஒலிபெருக்கிக்கு முன்னால், பல பத்தாண்டுகள் அவர் வாயைத் திறந்துதான் பாடினார். அவர் அதை ஒளிக்கவில்லை. ஒளித்தது சட்டம் போட்டு மாட்டிய நாம்தான். அதை வரைவது அவரைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. அவர் செய்த வேலையை ஒப்புக்கொள்வது, அவ்வளவே.

இதை அந்த மாணவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “எங்க ஆயா ஒப்பாரி பாடுவாங்க அக்கா. சுத்துப்பட்டுல சாவு விழுந்தா அவங்களைத்தான் கூப்பிடுவாங்க. அவங்க படம்னு வீட்ல ஆதார் அட்டைதான் இருக்கு” என்றாள். அந்தப் படத்தில் எல்லோரையும் போல ஆயாவும் வாய்மூடி விறைத்திருக்கிறார்.

போட்டிக்கு எம்.எஸ்.ஸைப் பாடும் முகத்தோடே வரைந்து அனுப்பினாள். பரிசு கிடைக்கவில்லை. “அம்மா முகத்துல தெய்வீகம் குறையுது” என்றாராம் ஒருவர்.

அடுத்து ஆயாவை வரையப் போனாள். ஒப்பாரி பாடும்படி கேட்டதற்குக் கிடைத்தது வசவுதான். “சாவு வூட்டு மூஞ்சிய வரைஞ்சி நடுவூட்டுல மாட்டப் போறியா? போடி.” இவளுக்கு வருத்தம். எனக்கு நிம்மதி. செத்தவரைப் பற்றி நானாக யோசித்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. உயிரோடு இருப்பவர் தானே சொல்லிவிட்டார்.

அவள் விடவில்லை. “அப்ப எந்தப் பாட்டுக்கு வரையட்டும்?” என்று கேட்டிருக்கிறாள். ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டு, திண்ணைத் தூணில் சாய்ந்து, நடவுப் பாட்டு ஒன்றை எடுத்திருக்கிறார்.

அந்த ஓவியம் இப்போது என் வகுப்புச் சுவரில் இருக்கிறது. விகிதம் கொஞ்சம் பிசகியிருக்கிறது. இடது காது இறங்கிவிட்டது. வாய் மட்டும் சரியாக வந்திருக்கிறது. கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை. அந்த இடத்தில் அவள் 6பியை அழுத்தித் தேய்த்திருக்கிறாள். போன மாதம் ஆயா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பல்லு போனதக் கூட வுடல பாரு. ம், நான்தான்.”