பழி யார்மீது?

வாட்டசாட்டமான வாலிபன் பந்தாடும்போதே வீழ்ந்து மாண்டால், "விதி" என்கிறது ஊர். "அவள் ஜாதகமே அவனைத் தின்றது" என்று கைம்பெண்ணைச் சுடுகிறது உறவு. அவள் செய்த குற்றம் யாது? இதயத்தசையைத் தடிக்கச் செய்யும் மரபணுப் பிழை, அவனைப் பெற்றோர் வழி வந்திருக்கலாம். அத்தகைய பிழையொன்றை 1990 இலேயே அறிவியலார் கண்டுகாட்டினர். பெற்றோருள் ஒருவரிடம் இருந்தாலே, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு. நாள் பார்த்து வருவதில்லை, கோள் பார்த்து வருவதில்லை. ஆணென்றும் பெண்ணென்றும் அது பார்ப்பதில்லை.

மருமகளைப் பழித்த வாய், மாண்டவனின் தம்பியை, தங்கையை, குழந்தையை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிற்றா? சம்பந்தம் கெடுமென்று மறைப்போரை நாம் கேட்கிறோம்: கல்யாணம் பெரிதா, கண்மணியின் உயிர் பெரிதா? ஈ.சி.ஜி.யும் எக்கோவும் தடிப்பைப் பெரும்பாலும் காட்டிவிடும். மருந்துண்டு, ஆபத்து மிகுந்தோர்க்கு மார்பில் பொருத்தும் மின்கருவியும் உண்டு. ஒருமுறை நலமென்று வந்ததும் விட்டுவிடலாகாது. வளர்ந்த பின்னரும் தசை தடிக்கக்கூடும், மீண்டும் மீண்டும் பார்த்தல் வேண்டும்.