ஆண்டவர் யார்?

ஆண்டவர் இன்னார் என்று ஞானோபதேசத்தில் படித்த விடையை நம் வீட்டுச் சிறு பிள்ளையும் தடையின்றிச் சொல்லும். அது போதுமா? மாற்கு சுவிசேஷத்தின் 8-ம் அதிகாரத்தைச் சற்றே நிதானித்து வாசியுங்கள்.

எர்மோன் மலையடிவாரத்தில், யோர்தான் நதி ஊற்றெடுக்கும் பக்கத்தில், செசாரேயா பிலிப்பி என்ற பட்டணம். பான் என்னும் கிரேக்க தேவனுக்குக் குகைக்கோயில் இருந்த ஊர். அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும் வழியில்தான், தாம் யாரென்று சேசுநாதர் சீஷர்களைக் கேட்டார். மெசியா என்று இராயப்பர் சரியாகவே சொன்னார். ஆனால் தாம் பாடுபட்டுச் சாக வேண்டும் என்று ஆண்டவர் வெளியிட்டதும், அதே இராயப்பர் அவரைத் தடுக்கப் பார்த்துக் கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். விடை சரி; பொருள்தான் எட்டவில்லை. (அதே சுவிசேஷத்தில் பசாசுகளும் சரியான விடையைத்தான் சொல்கின்றன!)

இதற்குச் சற்று முன்னே, பெத்சாயிதாவில் ஒரு குருடன் இரண்டு தடவையாகப் பார்வை பெறுகிறான். முதல் தடவை மனிதர் மரங்களைப்போலத் தெரிகிறார்கள். மாற்கு இதைச் சும்மா அங்கே வைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அவரைச் சர்வேசுரனுடைய குமாரன் என்று இந்தச் சுவிசேஷத்தில் முதன்முதல் அறிக்கையிடும் மனிதன் சீஷனல்லன். உரோமைச் சேனையின் நூற்றுவர் தலைவன். 15-ம் அதிகாரத்தில், சிலுவைக்கு எதிரே நின்று, அவர் உயிர்விட்ட விதத்தைக் கண்டபின் சொல்கிறான். அவன் வேறு ஏதேனும் புதுமையைக் கண்டதாக மாற்கு எங்கும் எழுதவில்லை.