அணைந்த உலையும் அணையாத பசியும்

2024ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள். பிரிட்டனில் ஒரே நாளில் இரண்டு நெருப்புகள் அணைந்தன. ஒன்று, நாட்டிங்காம்ஷயரில் உள்ள ரேட்கிளிஃப் அனல்மின் நிலையத்தின் நெருப்பு. 1882இல் லண்டனில் தொடங்கிய நிலக்கரி மின்சாரத்தின் கதை, 142 ஆண்டுகளுக்குப் பின் அன்றோடு முடிந்தது. மற்றொன்று, வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட் எஃகு ஆலையில் எஞ்சி நின்ற கடைசி ஊது உலை.

இச்செய்தியை வகுப்பில் நாம் எடுத்துரைத்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "நெருப்பு அணைந்தது சரி ஐயா, அதன் முன்னே நின்றவர்கள் எங்கே போனார்கள்?" என்றான். பாடநூலில் அதற்கு விடையில்லை. பிரிட்டன் தொழிற்கட்சியைப் பிளந்து நின்ற பூசலும் இதே கேள்வியில் பிறந்ததுதான்!

1900இல் தொழிற்சங்கங்கள் தோள்கொடுத்து எழுப்பிய கட்சி அது. வடகடலில் புதிய எண்ணெய், எரிவாயு வயல்களைத் தேட உரிமம் தருவதில்லை என்று 2024ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் அது உறுதி கூறிற்று. அக்கட்சிக்குப் பெருநிதி வழங்கிவந்த யுனைட் தொழிற்சங்கமோ, அவ்வறிக்கைக்கு ஒப்புதல் தர மறுத்தது.

உலகு வெப்பமாகிறது, அறிவியலை மறுப்பது அறிவுடைமையா என்று கேட்கின்றனர் ஒருசாரார். மாற்று வேலைக்கு வழிகூறாமல் உள்ள வேலைக்குத் தடைபோடுவது நீதியா என்று கேட்கின்றனர் மறுசாரார். இரு சாராரிடமும் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மை!

பழைய வடு ஆறவில்லை. 1984 மார்ச்சில், தாட்சர் ஆட்சியில், இருபது சுரங்கங்கள் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. தொழிலாளர் ஓராண்டுக் காலம் போராடினர். 1985 மார்ச்சில் தோற்றுத் திரும்பினர். சுரங்கங்கள் மூடின, ஊர்களும் உறைந்தன. 1960களில், தொழிற்கட்சியின் வில்சன் ஆட்சியிலும் சுரங்கங்கள் பல மூடப்பட்டன என்பதை மறைப்பானேன்? ஆள்வது நம் கட்சி என்ற பெருமை, உலையில் அரிசியாகாது.

டோனி மசோக்கி என்ற அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் 1990களில் ஒரு நியாயம் பேசினார். போர்முனையிலிருந்து மீண்ட வீரர்க்குக் கல்விக்கும் வாழ்வுக்கும் 1944இல் சட்டமியற்றி உதவிய நாடு, நஞ்சிலும் நெருப்பிலும் நின்று உழைத்தவனுக்கு அவ்வாறு உதவக் கூடாதா என்றார். 'நீதியான மாற்றம்' என்ற கருத்து வளர்ந்தது அவ்வழியே. 2015இன் பாரிஸ் உடன்படிக்கை முகவுரையிலும் அது இடம்பெற்றது.

நாம் கூறுவது இதுதான். தூய காற்று அனைவருக்கும் வரவு. அதன் செலவு மட்டும் சிலர் தலையிலா? ஊருக்குப் பாதை அமைக்க ஒருவன் தன் வீட்டை இழந்தால், அவனுக்கு வீடு கட்டித் தருவது ஊராரின் கடன். அது பிச்சையன்று!

அக்கடனுக்கும் நாள் குறிக்க வேண்டும். நிலக்கரி மின்சாரத்துக்கு முடிவுகட்டப் போவதாக அரசு அறிவித்தது 2015இல். ரேட்கிளிஃப் தொழிலாளர்க்கு ஏறத்தாழ ஒன்பதாண்டு அவகாசம் கிடைத்தது. போர்ட் டால்பட்டிலோ, 2,800 பேர் வரை வேலையிழக்கக்கூடும் என்ற அறிவிப்பு வந்தது 2024 ஜனவரியில். உலை அணைந்தது அதே செப்டம்பரில். புதிய மின் உலை எரியத் தொடங்கும் என்று குறித்ததோ மூன்றாண்டுகளுக்கும் அப்பால்! இடைப்பட்ட நாளில் வீட்டு வாடகை காத்திருக்குமா? பசித்தவனுக்கு மறுமையில் விருந்து என்பதற்கும், வேலையிழந்தவனுக்கு என்றோ ஒருநாள் வேலை என்பதற்கும் வேறுபாடென்ன?

எல்லார்க்கும் வேலை அமையும்வரை காத்திருந்தால் நெருப்பு அணையவே அணையாதே என்பர். உண்மைதான். ஆகவே காத்திருக்கச் சொல்லவில்லை நாம். இடைக்காலக் கூலியை முன்னதாகவே ஒதுக்குக என்கிறோம். ஸ்பெயினின் சோசலிஸ்ட் அரசு 2018 அக்டோபரில் சுரங்கத் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் செய்தது: 25 கோடி யூரோ முதலீடு, 48 வயது கடந்தவர்க்கு முன்கூட்டிய ஓய்வூதியம், இளையோர்க்குப் புதுப்பயிற்சி. குறையற்றது என்று கூறோம். எனினும், மூடுமுன் பேசினார்கள்!

சங்கங்களுக்கும் ஒரு சொல். தொழிலாளியின் கண்ணீரைக் காட்டி முதலாளியின் இலாபத்தைக் காக்கும் கேடயமாகிவிடாதீர்!

அந்த மாணவனுக்கு நாம் அளித்த விடை இதுவே: "நெருப்பை அணைக்கும் நாளை எழுதிய தாளிலேயே, அதன் முன் நின்றவன் அடுத்த கூலி பெறும் நாளையும் எழுதச் சொல், தம்பி. எழுத மறுப்பவன் எந்தக் கட்சியானாலும், அவனிடம் அந்தக் கேள்வியைக் கேள்!"